அளப்பது உழைப்பை, ஆளை அன்று

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசியை அளக்கப் படி வைத்தார்கள். பூவை அளக்க முழம் வைத்தார்கள். பொன்னை நிறுக்கக் குன்றிமணி வைத்தார்கள். ஆனால் ஒருவர் வியர்வை சிந்தி உழைக்கிறாரே, அந்த உழைப்பை அளக்க என்ன வைத்தார்கள்? ‘நன்றாகப் பாடுபட்டான்’ என்றும், ‘சோம்பி இருந்தாள்’ என்றும் வாயால் சொல்வதைத் தவிர நெடுங்காலம் வேறு வழி இருக்கவில்லை. வாயால் சொல்லும் அளவு, சொல்பவரின் மனத்தைப் பொறுத்தது. பெண்களின் உழைப்பை உலகம் எப்படி அளந்து வந்தது என்பதை நாங்கள் இங்கே விரிக்கத் தேவையில்லை.

இன்று உழைப்பை அளக்கும் கருவி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சைக்கிளை ஒரு தாங்கியில் நிறுத்தி, இருந்த இடத்திலேயே மிதித்துப் பயிற்சி பெறுவோர் கைப்பிடியில் சிறு கணினி ஒன்றைப் பொருத்துகின்றனர். சக்கரத்திலும் பெடல் தண்டிலும் மார்பிலும் சென்சார் எனப்படும் உணர்கருவிகளை மாட்டிக்கொள்கின்றனர். எத்தனை வேகம், எத்தனை மிதி, இதயம் எத்தனை முறை துடித்தது, கால்கள் எத்தனை வலிமையைச் செலுத்தின என்பவற்றை எல்லாம் கணினி நொடிக்கு நொடி காட்டுகிறது.

எங்களைப் போன்ற மாணவியருக்கு இக்கருவி நன்மையா, தீமையா? நன்மையே என்பது எங்கள் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த எண்ணுக்கு உரியவள் மிதிப்பவளாக இருக்க வேண்டும். எண் அவளை ஆளவும் கூடாது; அந்த எண்ணைக் காட்டி மற்றவர் அவளை ஆளவும் கூடாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி என்ன சொல்கிறது?

பனி மூடிய குளிர்காலத்தில் சாலையில் ஓட்ட இயலாத நாடுகளில் வீட்டுக்குள் மிதிக்கும் பழக்கம் வேரூன்றியது. நமக்குப் பனி இல்லை என்றாலும் அடைமழை உண்டு. உச்சி வெயில் உண்டு. இருட்டிய பின் முடியும் தனிவகுப்புகளும் உண்டு. ஆகவே இந்தப் பயிற்சி நமக்கும் பயன்படக்கூடியதே. சைக்கிளின் பின்பகுதியை ஒரு தாங்கி பிடித்துக்கொள்ள, பின்சக்கரம் ஓர் உருளையின்மேல் சுழல்கிறது. காந்தமோ, விசிறியோ, எண்ணெய் போன்ற திரவமோ அந்த உருளைக்குத் தடை கொடுக்கிறது. அந்தத் தடையை எதிர்த்து மிதிப்பதே பயிற்சி.

முதற்கருவி வேகத்தை உணர்வது. பழைய முறையில் சக்கரத்தின் கம்பியில் சிறு காந்தம் ஒன்றை மாட்டுவர். அது சுற்றி வரும்போதெல்லாம், சட்டத்தில் பொருத்திய சுவிட்சு ஒன்று அதன் ஈர்ப்பால் மூடித் திறக்கும். புதிய வகை, சக்கரத்தின் நடுக்குடத்தில் அமர்ந்து, காந்தம் இன்றியே சுழற்சியை உணரும். எவ்வாறாயினும் கருவிக்குத் தெரிந்தது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே. சக்கரத்தின் சுற்றளவை நாம்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும். சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொள்வோம். நிமிடத்திற்கு 200 சுற்று என்றால் 420 மீட்டர், மணிக்கு 25.2 கிலோமீட்டர். அதே சுற்றளவை 2.2 என்று பதிந்துவிட்டால், அதே உழைப்பு 26.4 கிலோமீட்டராகிவிடும். கணக்குப் பாடம் வாழ்க்கைக்கு உதவாது என்று முணுமுணுக்கும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

தாங்கியில் நிற்கும் சைக்கிளில் முன்சக்கரம் அசையாது. எனவே வேகக் கருவியைப் பின்சக்கரத்திலேயே மாட்ட வேண்டும். செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் நாம் வியர்த்து விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருக்க, ‘இவள் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லையே’ என்று கணினி பூச்சியத்தைக் காட்டி நிற்கும்.

இரண்டாவது கருவி பெடல் தண்டில் அமர்ந்து, நிமிடத்திற்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்று எண்ணுகிறது. மூன்றாவது கருவி மார்பில் கட்டும் பட்டை. இதயம் துடிக்கும்போது எழும் நுண்ணிய மின்னோட்டத்தை உணர்ந்து அது செய்தி அனுப்புகிறது. பின்லாந்து நாட்டில் 1977-இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், கம்பியில்லாமல் உடலில் அணியும் இதயத் துடிப்புமானியை 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்காவது கருவி வலிமைமானி. நாம் மிதிக்கும்போது பெடல் தண்டின் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை உணர்ந்து, சுழலும் வேகத்தோடு பெருக்கி, வாட் கணக்கில் சொல்கிறது இக்கருவி. ஜெர்மனியின் பொறியாளர் உல்ரிக் ஷோபரர் 1986-இல் இத்தகைய வலிமைமானியை உருவாக்கி எஸ்.ஆர்.எம். என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பௌதிகப் பாடத்தில் மின்விளக்குக்குப் படித்த அதே வாட்தான் இங்கே நம் கால்களுக்கும் அளவாகிறது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

கருவி பொய் சொல்லாது என்பர். உண்மையே. ஆயின், கருவி முழுக்கதையும் சொல்வதில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்குள் மிதிக்கும்போது எதிர்க்காற்று இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. உருளையைச் சற்றுத் தளர்த்தினாலே வேகம் ஏறிவிடும். ஆகையால் அடுத்த வீட்டுப் பெண்ணின் தாங்கியில் வந்த 30 கிலோமீட்டரையும், நம் வீட்டுத் தாங்கியில் வந்த 24 கிலோமீட்டரையும் ஒப்பிடுவது வீண். அதே தாங்கி, அதே பல்சக்கரம், டயரில் அதே அளவு காற்று இருக்கும்போது, நேற்றைய நம்மை இன்றைய நம்மோடு ஒப்பிடலாம். அந்த ஒப்பீடு ஒன்றே நேர்மையானது.

இதயத் துடிப்பின் செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே வலிமையில் அரைமணி நேரம் மிதித்தாலும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். காரணம் வெப்பம். நாம் உண்ட உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. 100 வாட் வலிமையோடு மிதிக்கும் பெண்ணின் உடலில் 300 வாட்டுக்குக் குறையாத வெப்பம் பிறக்கிறது. சாலையில் எதிர்க்காற்று அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அறைக்குள் காற்றேது? கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை காய்வதும் இல்லை. ஆகவே விலையுயர்ந்த கணினிக்கு முன் வாங்க வேண்டியது ஒரு மின்விசிறி. அதன் பக்கத்தில் வைக்க வேண்டியது ஒரு கூஜா தண்ணீர்.

இன்னொன்றும் உண்டு. உறக்கம் குறைந்தாலும், காய்ச்சல் வருமுன்னும், இரத்தசோகை இருந்தாலும், சிறு உழைப்புக்கே இதயம் மிகுதியாகத் துடிக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். துடிப்பு மிகுந்த எண்ணைப் பார்த்து, ‘உடம்பு வளையாதவள்’ என்று ஒரு பெண்ணை ஏசுவது எவ்வளவு பெரிய அநீதி! அவளுக்கு வேண்டியது வசை அன்று. இரத்தப் பரிசோதனையும் நல்ல உணவும் மருத்துவரின் ஆலோசனையும் ஆகும்.

‘இவையெல்லாம் பணக்காரர் வீட்டு விளையாட்டு’ என்று சிலர் சொல்லக்கூடும். வலிமைமானியின் விலை மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அளக்கும் பழக்கத்துக்கு விலை இல்லை. மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி நாடி பார்த்து, வந்த எண்ணை நான்கால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். வலக்கால் எத்தனை முறை கீழே வருகிறது என்று அவ்வாறே எண்ணினால் மிதியின் கணக்குக் கிடைக்கும். மிதித்துக்கொண்டே ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை மூச்சிரைக்காமல் சொல்லி முடிக்க முடிகிறதா? அது மிதமான உழைப்பு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? அது கடும் உழைப்பு. சுவர்க்கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

அறையும் சாலையும்

பெற்றோரை நோக்கி இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறோம். ‘வீட்டுக்குள்ளேயே மிதிக்க வசதி வந்துவிட்டதே, இனி பெண் பிள்ளைக்குச் சாலை எதற்கு?’ என்னும் எண்ணம் சிலருக்குத் தோன்றலாம். அவர்களது அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. லாரிகள் விரையும் சாலையைப் பார்த்து அஞ்சாத தாய் உண்டோ? ஆயினும் அறை என்பது சாலைக்கு ஆயத்தம் செய்யும் இடம். சாலைக்கு மாற்று ஆகாது.

ஆஸ்திரேலிய வீரர் மாத்யூ ஹேமனின் வரலாறு இதற்குச் சான்று. 2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் நடந்த பந்தயம் ஒன்றில் அவர் விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. சாலையில் ஓட்ட வழியில்லை. வீட்டிலேயே சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, கணினித் திரையின் முன் நாள்தோறும் மிதித்தார். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 10-ஆம் நாள், புகழ்பெற்ற பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, நான்கு முறை அப்பந்தயத்தை வென்றிருந்த டாம் பூனனையே முந்தி முதலிடம் பெற்றார். அறைப் பயிற்சியின் வெற்றி என்று உலகம் வியந்தது. ஆனால் மற்றொன்றையும் நாம் காண வேண்டும். அப்பந்தயத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய கரடுமுரடான பாதை. அதில் விழாமல் ஓட்டும் கலையை எந்தத் தாங்கியும் கற்பிக்காது. அவருக்கு அது பதினைந்தாவது பாரிஸ்-ரூபே! கால்களின் வலிமையை அறை காத்துக் கொடுத்தது. கைகளின் பக்குவத்தை முந்தைய பதினான்கு பந்தயங்கள் கொடுத்திருந்தன.

அதே பாரிஸ்-ரூபே 1896-இல் தொடங்கியது. பெண்களுக்கான முதல் பந்தயம் அங்கே எப்போது நடந்தது தெரியுமா? 2021 அக்டோபரில். நூற்று இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பிரிட்டனைச் சேர்ந்த லிசி டெய்க்னன் அதில் வென்றார். பெண்களிடம் வலிமை இல்லாததாலா இத்தனை தாமதம்? பாதை திறக்கப்படாததால் அன்றோ!

நம் தமிழ்நாட்டிலும், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் அதில் இருந்தனர். அவர்கள் கற்றது தண்ணீர் கொண்டுவரவும், வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவுமே. பிரேக்கை எப்போது பிடிப்பது, பேருந்துக்கு எப்படி வழிவிடுவது, திருப்பத்தில் எந்தக் கையை நீட்டுவது என்பவற்றைச் சாலை ஒன்றே கற்றுத்தரும். எனவே மழைக்காலத்தில் மகளை வீட்டுக்குள் மிதிக்க வைக்கும் பெற்றோர், மழை விட்டதும் கதவைத் திறந்துவிட வேண்டுகிறோம்.

எடைத் தராசு என்னும் கண்ணி

இனி, நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம்.

கணினித் திரையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் பந்தயங்கள் இப்போது பெருகிவிட்டன. பன்னாட்டு மிதிவண்டிச் சங்கமே 2020 டிசம்பரில் இத்தகைய முதல் உலகப் போட்டியை ஸ்விஃப்ட் என்னும் செயலியின் வழியே நடத்தியது. ஆண்களும் பெண்களும் அதில் ஒரே தொலைவை ஓட்டினர். பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ வென்றார். இது மகிழத்தக்கதே. ஆனால் இவ்வகைப் பந்தயத்தில் கணினி நம் வாட்டை மட்டும் கேட்பதில்லை, எடையையும் கேட்கிறது. திரையில் தோன்றும் மேட்டில் நாம் எவ்வளவு விரைவாக ஏறுவோம் என்பதை, வாட்டை எடையால் வகுத்தே அது கணிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 50 கிலோ எடையுள்ள ஒருத்தி 130 வாட் செலுத்தினால், கிலோவுக்கு 2.6 வாட். இந்த எண்ணை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. உழைத்து வலிமையைப் பெருக்குவது ஒன்று. உணவைக் குறைத்து எடையை இறக்குவது மற்றொன்று. பட்டினி கிடந்து 46 கிலோவுக்கு இறங்கினால், அதே 130 வாட் கிலோவுக்கு 2.8 ஆகிவிடும். திரையில் முன்னேற்றம், உடலில் வீழ்ச்சி! வலிமை ஒரு வாட் கூடக் கூடவில்லை. குறைந்தது அவளே.

வளரும் வயதுப் பெண்ணுக்கு இந்த இரண்டாம் வழி நஞ்சு. உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத வீராங்கனைகளுக்கு மாதவிலக்குத் தவறுவது, எலும்பு வலுவிழப்பது, அடிக்கடி நோய் காண்பது, மனம் சோர்வது ஆகியவற்றைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் ஒரே கோளாறாகத் தொகுத்துப் பெயரிட்டு எச்சரித்தது. 2023-இல் அதைப் புதுப்பித்து மீண்டும் வலியுறுத்தியது. எலும்பின் உறுதியில் பெரும்பகுதி பதின்பருவத்திலேயே சேர்கிறது. அப்போது சேர்க்காததைப் பிற்காலத்தில் ஈடுசெய்வது அரிது. ‘இளைத்தால் அழகு’ என்று ஊர் சொல்வது போதாதென்று, கருவியும் அதையே சொல்லத் தொடங்கினால் எங்கள் தோழியர் எங்கே போவார்கள்?

ஆகவே, பள்ளிப் பருவத்தில் வாட்டை வாட்டாகவே பார்ப்போம். எடையால் வகுக்க வேண்டாம். மாதவிலக்கு மாதக்கணக்கில் தவறினால், பயிற்சி நன்றாக நடக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். வெட்கப்படாமல் தாயிடம் சொல்ல வேண்டும். தாய் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

எண் யாருடையது?

2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், பெண்களுக்கான 137 கிலோமீட்டர் சாலைப் போட்டியை வென்றவர் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்போது அவருக்குத் தொழில்முறை அணியும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. தம் பயிற்சியையும் உணவையும் தாமே திட்டமிட்டார். இரண்டாவதாக வந்தவரைவிட 75 நொடி முன்னதாக எல்லைக்கோட்டைத் தாண்டினார். எண்ணைக் கண்டு அஞ்சாமல், எண்ணுக்கு அடிமையும் ஆகாமல், அதைத் தம் கைக்கருவியாக ஆண்ட பெண்ணுக்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு.

மறைக்கல்வி வகுப்பில் நாம் அறிந்த தாலந்து உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனும், இரண்டை நான்காக்கியவனும் தலைவனிடம் ஒரே பாராட்டையே பெற்றனர். ‘அவன் பத்து கொண்டுவந்தான், நீ நான்குதானே’ என்று தலைவன் ஒப்பிடவில்லை. அவரவர் பெற்றதற்கு ஏற்ப அவரவர் உழைப்பு அளக்கப்பட்டது. இரவில் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் அவ்வாறே. அதில் நம் குறைகளை நாம் எண்ணுகிறோம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் குறைகளை எண்ணுவதில்லை.

எனவே, உடற்பயிற்சிக் கூடத்தில் இத்தகைய கருவிகளை வைக்க எண்ணும் பள்ளிகளின் அருட்சகோதரியருக்கும் ஆசிரியைகளுக்கும் பணிவோடு சில வேண்டுகோள்கள். விலையுயர்ந்தவை வேண்டாம், உறுதியான தாங்கி ஒன்றும், சைக்கிள் ஒன்றும், வேகத்தையும் மிதியையும் காட்டும் எளிய கணினி ஒன்றும் போதும். ஒவ்வொரு மாணவிக்கும் தனி நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அதில் தேதி, நேரம், மிதி, துடிப்பு, முன்னிரவு உறங்கிய மணி ஆகியவற்றை அவளே எழுதட்டும். முதல் மதிப்பெண், கடை மதிப்பெண் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். எடையைப் பலர் முன்னிலையில் பார்க்க வேண்டாம். ஆறு வாரம் கழித்து அவள் தன் முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து முகம் மலரட்டும். அந்த மலர்ச்சியே பரிசு.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே ஒரு குன்றின் உச்சியில் கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் உள்ளது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதன் சுவர்களில் பந்தய வீரர்களின் சைக்கிள்களும் சட்டைகளும் காணிக்கையாக இடம்பெற்றுள்ளன. அவை அந்த மேட்டை வியர்வை சிந்தி ஏறி வந்தவர்களின் நன்றிக்காணிக்கைகள்.

தோழியரே! அளப்போம்; ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை மறவோம். கருவி நம் உழைப்பை அளக்கட்டும். நம் மதிப்பை அளக்கும் உரிமையை அதற்குக் கொடாதிருப்போம். மழை பெய்தால் அறைக்குள் மிதிப்போம். மழை விட்டால் சாலைக்குச் செல்வோம். வயிறார உண்போம், வலிமையோடு வளர்வோம். நேற்றைய நம்மை இன்று வெல்ல, இறைவன் துணை நிற்பாராக!